ஜன்னல் சட்டத்தில் ஒரு ஊசி

கடலோர ஊருக்கு மாற்றல் என்று அண்ணன் வந்து சொன்ன அன்றே அண்ணி நிபந்தனை போட்டுவிட்டார். "படுத்த இடத்துல இருந்து கடல் தெரியணும். அதுல குறைஞ்ச வீட்டைக் காட்டவே வேண்டாம்னு புரோக்கர்கிட்ட சொல்லிடுங்க."

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அண்ணி தையல்காரர். வெள்ளை மட்டும்தான் தைப்பார்: மருத்துவர்களின் கோட்டு, நர்சுகளின் உடுப்பு. வெள்ளையில் பிசகை ஒளிக்க இடமில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மூட்டை கட்டுவதற்கு முன்பே புதிய ஊரின் மருத்துவமனை ஒன்றில் பேசி வேலையை வாங்கிவிட்டார். அவர்களோடு இருக்கும் நானும் கூடவே போனேன்.

கேட்ட வீடே கிடைத்தது. பெரிய ஜன்னல்கள், எதிரே கடல். முதல் வாரம் அண்ணி ஜன்னலை விட்டு நகரவில்லை. விரும்பியது கிடைத்தவரிடம் அப்போதே கருத்துக் கேட்கக் கூடாது. ஒரு மாதம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

ஒரு மாதத்தில் கத்தரிக்கோல் திறக்கும்போது முனகியது. கண்ணாடியில் துடைக்கத் துடைக்க உப்பு. தாழ்ப்பாளைத் தொட்டால் விரலில் பழுப்பு ஒட்டியது. மெஷினுக்கு எண்ணெய் போட்டு மாளவில்லை. பிறகு ஒரு நாள் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். ஒரு கோட்டை மேஜையில் விரித்து, பையின் ஓரத்தில் கடுகளவு புள்ளியைக் காட்டினார்.

"இது ரத்தமாம்மா?"

"இல்லைங்க. ஊசித் துரு."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நோயாளிக்குத் தெரியுமா? அடுத்த தடவையும் இப்படி ஒண்ணு வந்தா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அண்ணியை உறுத்தியது. வீட்டு வாசலில் நின்று, அழைத்த மரியாதைக்கு வந்து சமையலறை வரைக்கும் நுழைந்துவிட்ட உறவினரைப் பார்ப்பதுபோலக் கடலைப் பார்த்தார்.

"வேற வீடு பார்ப்போம். கடல் தெரியாத வீடு" என்றார்.

புரோக்கருக்குச் சிரிப்பு. "அக்கா, போன மாசம் கடல் இல்லாம தூக்கம் வராதுன்னீங்க. அதுக்குள்ள அதோட என்ன சண்டை?"

"சண்டை எல்லாம் இல்லப்பா. தள்ளி இருந்தா நல்ல சொந்தமா இருக்கும்."

பார்க்கும் வீட்டில் முன்பெல்லாம் வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்தவர் இப்போது தாழ்ப்பாளையும் கீலையும் பார்த்தார். ஆனால் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுமுன் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அதனால் அண்ணி தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். பூச்சு தேய்ந்த பழைய ஊசி ஒன்றை, அடியில் ஒரு வெள்ளைத் துணுக்கு வைத்து, யார் கண்ணிலும் படாமல் ஜன்னல் சட்டத்தில் குத்திவிடுவார். தேடும்போது சட்டென்று தெரிய அதில் சிவப்பு நூல். ஒரு வாரம் கழித்து, "இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று போவார். துணியில் பழுப்பு இறங்கியிருந்தால் அந்த வீடு வேண்டாம்.

இப்படியே கடலிலிருந்து இரண்டாம் தெரு கழிந்தது, மூன்றாம் தெருவும் கழிந்தது. கடைசியில் ஒரு கிடங்கின் உயர்ந்த சுவருக்குப் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வீடு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. அவரும் மனைவியும் முன்பகுதியில் இருந்தார்கள், பின்பகுதி காலி. அண்ணிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பிடித்ததை நம்பக் கூடாது என்று ஊசியும் குத்திவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து நாங்கள் போனபோது டிரைவரின் மனைவி கதவை மறித்து நின்றார்.

"வீட்டை யாருக்கும் விடுறதா இல்ல. எங்களுக்கு யாரோ என்னமோ வெச்சிட்டாங்க."

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் புரோக்கர்.

"ஊசி. சிவப்பு நூல். அடியில வெள்ளைத் துணி வேற."

புரோக்கர் ஓரடி பின்வாங்கினார். உள்ளேயிருந்து டிரைவரின் குரல் வந்தது. "நமக்குச் செய்வினை வைக்கிற அளவுக்கு நாம என்னடி பெரிய ஆளு?"

அண்ணி வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"அது நான்தாங்க. துரு பிடிக்குதான்னு பார்க்கக் குத்தினேன். அந்த ஊசி எங்கே?"

அந்த அம்மாள் முறைத்தபடியே போய் ஒரு மூடிய பாட்டிலைக் கொண்டுவந்தார். ஊசியும் துணுக்கும் முழுக்கப் பழுப்பு. அண்ணியின் முகம் தொங்கிவிட்டது. "இந்த வீடும் ஆகாது போல" என்றவர் பாட்டிலை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"எதுல போட்டு வெச்சீங்க?"

"உப்புலதான். அப்பதான் அடங்கும்னு சொன்னாங்க."

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் கடலுக்குப் பயந்து ஓடி வரேன். நீங்க அதைப் பாட்டில்ல அடைச்சு வெச்சிருக்கீங்க!"

டிரைவரும் சிரித்துவிட்டார். ஆனால் புரோக்கர் சிரிக்கவில்லை. "அக்கா, இன்னொரு ஊசி குத்தி இன்னொரு வாரம் எல்லாம் முடியாது. சாயங்காலம் வேற ஒரு குடும்பம் பார்க்க வருது." அடுத்த தொகுதிக் கோட்டுகளுக்கான துணி வெட்டி வைத்தபடி வீட்டில் கிடந்தது. அந்தக் கடல் காற்றில் அதைத் தைக்க அண்ணி கை வைக்கவில்லை.

அண்ணி டிரைவரின் மனைவி பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "அம்மா, உங்க வீட்டுல ஊசி இருக்கா?"

"எதுக்கு? இன்னும் குத்தவா?"

"இல்லம்மா, நீங்க பட்டன் தைக்கிற ஊசி."

காலண்டர் அட்டையில் கறுப்பு நூலோடு குத்தியிருந்தது அது. பேரன் பிறந்தபோது வாங்கியதாம். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அண்ணி அதை எடுத்து, நூலை உருவிவிட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையில் நுழைத்து மெல்ல இழுத்தார். பின்னும் இழுத்தார். கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை.

"எந்த வீட்டுலயும் ஒரு ஊசி இருக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நான் திருட்டுத்தனமா குத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றார் என்னிடம். டிரைவரின் மனைவியிடம், "வீடு எனக்குத்தான்மா" என்றார்.

"இனிமே எங்க குத்தினாலும் சொல்லிட்டுக் குத்துங்க" என்று அந்த அம்மாள் வழிவிட்டார்.

அண்ணி சாமர்த்தியசாலி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை முதல் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் தன் சோதனை தன் கண்ணெதிரே கெட்டுப்போன பிறகு, அதைக் கட்டிக்கொண்டு அழாமல் வேறொன்றைக் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

புது வீட்டில் காற்று வராது. அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிடங்குச் சுவரைத் திட்டுவார். "மேல கிரேன்ல உட்கார்ந்து நாள் முழுக்கக் கடலைத்தானே பார்க்கிறீங்க? அது போதும்" என்பார் அண்ணி, மெஷினிலிருந்து தலை தூக்காமல். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கடற்கரைக்கு நடப்போம். திரும்பியதும் கையை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவார்.

அடுத்த தொகுதியைத் தலைமை நர்ஸ் ஒவ்வொன்றாக விரித்து, பைகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "புதுசா ரெண்டு டாக்டருங்க வந்திருக்காங்க. டேப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார்.

அது அண்ணியின் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.