அக்கா பூட்டிய இன்ஜின்

ஒரு போல்ட் குறைந்தால் அக்கா முதலில் என் சட்டைப் பையைத்தான் தடவுவாள். சின்ன வயதிலிருந்து இதே கதை. எனக்குத் தலை நரைத்துவிட்டது, சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் நான்தான் திருடன். போல்ட் பெரும்பாலும் அவள் வாயில்தான் இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே திட்டுவாள்.

அக்கா பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறவள். சேலைக்கு மேல் அவள் புருஷன், என் மாமாவின் கிழிந்த சட்டை. கழற்றிய போல்ட்டுகளை, அட்டையில் வண்டியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பாள். படம் வண்டி மாதிரி இருக்காது, எருமை மாதிரி இருக்கும். சொன்னால் அடி விழும்.

இன்ஜின் சங்கிலியில் தொங்கும்போது அவள் பட்டறையில் யாரும் தும்மக்கூட முடியாது. அவள் மட்டும் அதனோடு பேசுவாள். "மெதுவா வாடி. உன் வீடுதானே, ஏன் மிரள்ற?" சங்கிலியை நான் ஒரு கண்ணி கூடுதலாக விட்டால் போதும்: "டேய், கிணத்துல வாளியா இறக்குற?"

போன வாரம் பூட்டியது மாமாவின் வண்டிக்கு. ரொம்ப நாளாக இன்ஜின் இல்லாமல் ஓரமாக நின்ற வண்டி. மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையில்தான். மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்: "போனா என் வண்டியிலதான் போவேன். இல்லேன்னா வேணாம்." பயத்தை வீம்பாக மாற்றிக்கொள்கிற ஆள். அக்கா கெஞ்சவில்லை. ஸ்பேனரை எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலை. நாக்கைத் துருத்திக்கொண்டு, இடுப்பால் இன்ஜினை ஒரு இடி இடித்தாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. "ஆச்சாம்மா?" என்றார் மாமா வீட்டுக்குள்ளிருந்து. "முதல்ல நீங்க சட்டையை மாத்துங்க!"

எல்லாவற்றையும் முறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி இரண்டு தடவை இருமியது, பிறகு சீராக ஓடியது. அக்கா கிளட்சை மிதித்துக் கியர் போட்டாள். கரகரவென்று அரைத்தது. மறுபடி மிதித்தாள். மறுபடி அரைத்தது.

"பிளேட்டைத் திருப்பி மாட்டிட்டேன்டா," என்றாள். இத்தனை வண்டி பூட்டிய அந்தக் கையா இப்படிச் செய்தது! முந்தின நாள் கிளட்ச் பிளேட்டை மாட்டும்போதுதான் மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று பாதியில் எழுந்து ஓடினாள். திரும்பி வந்து கை போன போக்கில் மாட்டியிருக்கிறாள். கியர் விழாமல் வண்டி நகராது; சரிசெய்ய வேண்டுமானால் இன்ஜின் மறுபடி வெளியே வர வேண்டும். ஒரு முழு நாள் வேலை.

"ஆட்டோ கூப்பிடவாக்கா?"

"கூப்பிட்டா உங்க மாமா ஏறிடுவாரா?"

அதற்குள் மாமா பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை வாங்கிக்கொண்டார். "குரல் மாறவே இல்லம்மா," என்றார். பையை மடியில் வைத்துச் சாய்ந்துகொண்டார்.

அக்கா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என் காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"இன்ஜின் ஓடிட்டே இருக்கட்டும். நீ பின்னால போய்த் தள்ளு. உங்க மாமாகிட்ட மூச்சு காட்டாத."