பல்பு மேல போட்ட பழி

பாண்டியில, முதலியார்பேட்டை பக்கம் எனக்கு லைட் கடை. என் வாய் இருக்கே, அது ஓயாது. வாட்டைப் பார்த்து பல்பு வாங்காதீங்க, அது கரன்ட் தின்னுற கணக்கு, வெளிச்சம் எவ்ளோன்னு தெரியணும்னா லூமெனைப் பாருங்கன்னு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். ஜவுளிக்கடைக்காரங்க வந்தா இன்னும் ஜாஸ்தி. வெளிச்சம் நிறைய இருந்தா போதாது, நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டணும், மட்டமான பல்புல அரக்குப் புடவை செங்கல் கலரா தெரியும்பேன்.

எங்க பொண்ணு பொறந்து வீட்டுக்கு வந்தப்போ, காத்து பட்டுடும்னு எங்கம்மா அந்த ரூம் ஜன்னலை எல்லாம் சாத்திட்டாங்க. புள்ளைக்குக் கண்ணு கூசக்கூடாதேன்னு நான் ஒரு மஞ்சள் எல்.இ.டி. பல்பு மாட்டினேன். கடையில விக்காம ஒதுக்கி வெச்சிருந்த மட்டச் சரக்கு. அடுத்தவனுக்கு விக்க மனசு வராததை எம்பொண்ணுக்கு மாட்டினேன், அவ்ளோதான் நம்ம லட்சணம்.

நாலாம் நாள் காலையில என் மனைவி கூப்பிட்டா. "புள்ள மஞ்சளா இருக்காப்பல இல்ல?"

"இந்த லைட்டுல நீயும் மஞ்சளாத்தான் இருக்க. பல்போட வேலை அது"ன்னேன்.

தெரிஞ்சவன் சொல்றானேன்னு விட்டுட்டா. மறுநாளும் கேட்டா, புள்ள பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருக்குன்னா. பல்பை மாத்தித் தொலைக்கிறேன்னு எரிஞ்சு விழுந்துட்டுக் கடைக்குப் போயிட்டேன். ஜன்னலைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? பாவி எனக்குத் தோணல.

அடுத்த நாள் மதியம் வேற பல்போட வந்தேன். வெள்ளை வெளிச்சம், நிறத்தைச் சுத்தமா காட்டுற ஜாதி. மாட்டி சுவிட்சைப் போட்டேன். சுவரு வெள்ளையாச்சு, துணி வெள்ளையாச்சு, என் மனைவி கை எப்பவும் இருக்கிற நிறத்துக்கு வந்துச்சு. புள்ள மட்டும் மஞ்சளாவே இருந்துச்சு. கண்ணு முழி கூட மஞ்சள்.

ஆஸ்பத்திரியில கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்துல போட்டாங்க. ரத்தமும் மாத்தினாங்க. காமாலை அதுக்குள்ள மூளை வரைக்கும் ஏறிடுச்சாம். உயிர் தங்குச்சு, காது போச்சு.

அன்னிக்கு டாக்டரம்மா, "எத்தனை நாளா இப்படி? வீட்ல யாருமே பார்க்கலையா?"ன்னு கேட்டாங்க. நான் தரையைப் பார்த்தேன். என் மனைவிதான், "நான் கவனிக்கலம்மா"ன்னா. திட்டெல்லாம் அவளே வாங்கினா.

பொண்ணுக்கு இப்ப நாலு வயசு. பெத்தவ கண்ணு எங்க போச்சுன்னு எங்கம்மா இன்னும் அவளைத்தான் கேக்குறாங்க. அவ பாட்டுக்கு எனக்குச் சோறு போடுறா. நானும் இன்னிக்கு வரைக்கும் உண்மையைச் சொல்லல.