குதிரையைக் கொடுத்தவளின் அப்பா

அக்கரப்பத்தனை பஸ்ஸுக்குக் கையசைத்து வழிவிட்ட அதே கையால் கணேசமூர்த்தி போனைத் தட்டுகிறார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. போனில் செஸ் ஆடும் செயலியான இன்ஜினுக்கும் அதே பத்து நிமிடம்தான் கெடு.

ஹட்டன் பஸ் நிலையத்தில் அவர் டைம் கீப்பர். வயது நாற்பத்தெட்டு. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்; வெயிலடித்தாலும் கக்கத்தில் குடை. தான் உட்காரும் டைம் கீப்பர் கூண்டின் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். மிதிபலகையில் யாராவது தொங்கினால் உள்ளே ஏற்றிவிட்டுத்தான் பஸ்ஸை அனுப்புவார். இப்பேர்ப்பட்ட மனிதர் ரசிப்பதோ, நூறு வருடத்துக்கு முன் யாரோ துணிந்து ராணியையே வெட்டக் கொடுத்து ஜெயித்த ஆட்டங்களை! அந்தக் கட்டத்தை அப்படியே போனில் அடுக்குவார். அந்த நகர்வை இன்ஜின் தானாகக் கண்டுபிடித்தால் நோட்டுக் கொப்பியில் ஒரு சரி. இல்லாவிட்டால் ஒரு சுழி. பக்கத்தில், அன்று அதை ஆடியவர் பெயர். பதினோரு வருடமாக எழுதுகிறார். ஒன்றைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"பாருங்களேன், ராணியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். இவனுக்கெல்லாம் எங்கேருந்து துணிச்சல் வரும்?" என்று இன்ஜினைத் திட்டுவார். பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றும் எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

இந்த வாரம் அவர் யாரையும் திட்டவில்லை. வாங்கி வைத்த டீ ஏடு கட்டிக் கிடந்தது.

போன ஞாயிறு நுவரெலியாவில் நடந்த போட்டியில் அவர் மகள் சுலக்ஷனா, ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பத்தே நகர்வில் ஜெயித்தாள். தோற்ற பிள்ளையின் பயிற்சியாளர் புகார் கொடுத்துவிட்டார். ஆட்டத்துக்கு நடுவே கழிவறைக்குப் போனாளாம். அங்கே போனைப் பார்த்திருப்பாளாம். அவள் அப்பாவே நாள் முழுக்க இன்ஜினும் கையுமாகத் திரிகிறவராம். வியாழக்கிழமை விசாரணை. அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். புகாரை நம்பிவிட்டால் இரண்டு வருடம் அவள் எந்தப் போட்டியிலும் ஆட முடியாது.

"எல்லாம் என்னாலதாங்க. இந்தக் கொப்பி மட்டும் இல்லேன்னா புள்ளைய யாரு சந்தேகப்படுவா?"

மகளின் கட்டத்தை அடுக்கி மூன்று இன்ஜின்களிடம் கேட்டுப் பார்க்கிறார். அவை கண்டுபிடித்தால் புகார் உண்மை என்றாகிவிடும். கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அவர் சாமி கும்பிட்டது இதுதான் முதல் தடவை. முதல் இரண்டும் குதிரையைத் தொடவே இல்லை. இரண்டு சுழி போட்டார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார். பெருமூச்சு விட்ட முகம் உடனே வாடியது. "ஒருவேள புள்ள ஆடுனதே தப்போ?"

டியூஷன் முடிந்து வந்திருந்த சுலக்ஷனா அலட்டிக்கொள்ளவில்லை. "அது கண்டுபிடிச்சா என்ன, கண்டுபிடிக்காட்டி என்னப்பா? நான் யோசிச்சுத்தான் ஆடுனேன். வந்தத வந்தபடி எழுதுங்க." சொல்லிவிட்டுப் போய் அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்றாவது இன்ஜின் ஓடியது. ஏழு நிமிடம் ஒன்றுமில்லை. ஒன்பதாவது நிமிடம் திரையின் முதல் வரி மாறியது. குதிரை.

உள்ளங்கையால் திரையை மூடினார். விலக்கிப் பார்த்தார். குதிரையேதான். சுற்றுமுற்றும் பார்த்தார், என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. எழுதாதீர்கள், விட்டுவிடுங்கள் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

"அண்ணே, டைம் தாண்டிருச்சு, அனுப்புங்கண்ணே!" என்று கண்டக்டர் திலக்ஷன், சுலக்ஷனா உட்கார்ந்திருந்த பஸ்ஸைத் தட்டினான்.

கணேசமூர்த்தி காதில் வாங்கவில்லை. கொப்பியை முழங்காலில் வைத்து, ஒரு சரி போட்டார். பக்கத்தில், ஆடியவர் பெயருக்கான இடத்தில், சுலக்ஷனா கணேசமூர்த்தி என்று முழுசாக எழுதினார். மேலே வெறுமையாக விட்ட இரண்டு இடத்திலும் அதையே எழுதினார். பிறகு எழுந்து, நான்கு நிமிடம் பிந்திப்போன பஸ்ஸுக்குக் கையசைத்தார்.