பொம்மருக்குக் காவல் போனவன்

என் அப்பா சிற்றம்பலம் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பாக்கர் ஓட்டுகிறார். மண் தோண்டும் இயந்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர். விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஒருமுறை அப்படிப் பார்த்துக்கொண்டே நடந்து, விளக்குக் கம்பத்தில் மோதி, நெற்றி வீங்கி வந்தார்.

"இத்தனை வருசத்துக்குப் பிறகும் உங்களுக்குப் பொம்மர் வருதோ?" என்று அம்மா ஐஸ் வைத்தபடி ஏசினார்.

"பார்க்காமல் இருந்தவைதான் செத்தவை" என்றார் அப்பா.

குண்டு போடும் விமானம் யாழ்ப்பாணத்தில் பொம்மர். ஒரு பொம்மர் அவருடைய அக்கா செல்லத்தைக் கிணற்றடியில் கொன்றது. வாய்க்கரிசி போட முகம் மிஞ்சவில்லை. அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றதாக ஒரேயொரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாரையும் விட்டதில்லை.

போன வருடம் வயல்வெளியில் அத்திவாரம் தோண்டும்போது அப்பாவின் பாக்கர் வாளியில் நசுங்கிய இறக்கைத் துண்டு ஒன்று ஏறியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விமானங்களுக்குக் காவலாக வந்து விழுந்த பிரிட்டிஷ் சண்டை விமானம். உள்ளே விமானியின் எலும்புகள் இருந்தன. அடக்கத்துக்கு விமானியின் தம்பி மகள் அன்னா இங்கிலாந்திலிருந்து வந்தார். கண்டெடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அப்பா முறுக்கிக்கொண்டார். "பொம்மருக்குக் காவல் போனவன் அவன். அவன்ர பெட்டிக்கு முன்னால நான் தலை குனியிறதோ?"

"மண்ணுக்குள்ள கிடந்தவனை வெளியில எடுத்தது நீங்கள். கடைசிவரை நிண்டு அனுப்பிறதுதான் முறை" என்றார் அம்மா. அம்மா முறை என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கதை இல்லை.

ஆங்கிலம் பேச என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் கோட்டுப் பையில் விட்ட கையை எடுக்கவேயில்லை.

அன்னா நடந்ததைச் சொன்னார். அவருடைய பெரியப்பா குண்டு விமானங்களின் பக்கத்தில் காவலாகப் பறந்திருக்கிறார். கண் கூசும் வெயிலுக்குள்ளிருந்து ஜெர்மன் விமானங்கள் பாய்ந்தன. ஒரு குண்டு விமானம் தீப்பிடித்துப் பின்தங்க, அதற்காக அவர் மட்டும் திரும்பினார். தோட்டா தீர்ந்த பிறகும் சுடப்போகிறவர் போல நேருக்கு நேர் பாய்ந்து எதிரிகளை விலக்கினார். கடைசியில் ஒருவன் விலகவில்லை. தப்பிய விமானத்திலிருந்தவர்கள் வீடு தேடி வந்து சொன்னதாம் இது.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "குண்டு போட முன்னமோ, போட்டுத் திரும்பேக்கையோ?"

அன்னா தரையைப் பார்த்தார். "முன்னம்தான். அவர் காப்பாற்றிய விமானமும் அன்றைக்கு இந்த ஊரின் மேல் குண்டு போட்டது."

அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். 'பிறகு' என்று ஒரு சொல்லை மாற்றினால் அப்பா நிம்மதியாக வீட்டுக்கு வருவார். மாற்றச் சொல்லி மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அவ்வளவு தூரம் வந்து உள்ளதைச் சொன்னவரை நான் பொய்யாக்குவதா? அப்படியே சொன்னேன்.

அப்பா பெட்டிக்குக் கிட்டப் போனார். பிறகு, "அக்காவுக்கு அடிச்சவன்ர பக்கத்தால இண்டைவரைக்கும் ஒருத்தரும் வந்து, ஓம், எங்கட ஆள்தான் செய்தது எண்டு சொல்லேல்லை, தேனுஜா" என்றார்.

பையிலிருந்து கையை எடுத்தார். பிடி நிறையப் பச்சை அரிசி.

"உரித்துக்காரர்தான் போட வேணும். பிடியுங்கோ."

நான் முறையை விளக்க, அன்னா இரண்டு கைகளையும் ஏந்தினார். அப்பா பாதியைக் கொட்டினார். அன்னா அதைப் பெட்டியின் தலைமாட்டில் தூவினார்.

மிச்சப் பாதியோடு கையைப் பொத்தியபடியே அப்பா காரில் ஏறினார்.

"அது ஆருக்கப்பா?"

"அக்காவுக்கு. ஊன்ட்றொப் கோயிலடியில நிப்பாட்டு."

திருவிழாவில் அம்மன் தீர்த்தமாடும் கால்வாய்க் கரையில் இறங்கிக் கையை விரித்தார். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. தட்டிவிடாமல், ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டார்.