ஃப்ரீடா எண்ணுவதில்லை

“ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல…” என்றபடி நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வருகிறார் ஃப்ரீடா ஆஸ்டர்மன். ஒவ்வொரு தோளையும் விரல் நுனியால் தொடுகிறார். வாயில் கேக் உள்ளவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட வேண்டும். “பதினேழு இல்ல. ஸ்டான்லி, ஆடாதீங்க. மறுபடி முதல்லேர்ந்து வர வெச்சிடாதீங்க.” கடைசியில் தன் தோளையும் தொட்டு, “இருபத்தெட்டு இல்ல” என்று முடித்த பிறகுதான் கூட்டம் தொடங்கும்.

ஆட்களை எண்ணினால் கண்ணேறு படும் என்பது யூதர்களான எங்களிடையே பழைய நம்பிக்கை. பக்தி மிகுந்தவர்கள் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் ‘இல்லை’ சேர்த்து எண்ணிக் கெட்ட கண்ணை ஏமாற்றுவார்கள். இப்போது பெரும்பாலோர் சும்மாவே எண்ணுகிறார்கள். ஃப்ரீடா மட்டும் விடவில்லை. அவருக்கு எழுபத்தொரு வயது. மான்செஸ்டரில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர். பள்ளிச் சுற்றுலா எல்லாம் அவர் பொறுப்பு.

“ஒரு பிள்ளையத் தொலைச்சதில்ல தங்கம்” என்பார். சற்று நேரம் கழித்து மனம் கேட்காமல், “லியோனலத் தவிர. அதுவும் இருபது நிமிஷம்தான்” என்று சேர்த்துக்கொள்வார்.

ஆறு வயதில் பிளாக்பூல் கடற்கரையில் இருபது நிமிடம் தொலைந்த லியோனல் இப்போது பல் மருத்துவர். எங்கள் ஜெப ஆலயப் பயணக் குழுவின் தலைவரும் அவர்தான்.

குழு போலந்துக்குப் போகிறது. யூத இனப்படுகொலையைப் பற்றி நேரில் சென்று கற்கும் ஐந்து நாள் பயணம். மூன்றாம் நாள் ஆஷ்விட்ஸ், நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம். அதற்கு மனத்தைத் தயார்செய்ய நான்கு மாலைக் கூட்டங்கள். குறிப்பெழுதுவது என் வேலை என்பதால், மனம் எப்படித் தயாராகிறது என்பதற்கு என்னிடம் எழுத்து மூலமான சான்று உண்டு. முதல் மாலையில் கிராக்கோ நகர விடுதியின் சூப் எங்கள் உணவு விதிப்படி கோஷர்தானா, சமையல்காரர் சொல்வதை நம்பலாமா என்ற விவாதம் ஐம்பது நிமிடம். பேருந்தின் முன் இருக்கை குமட்டல் உள்ளவர்களுக்கா, முழங்கால் வலி உள்ளவர்களுக்கா என்பது முப்பத்தைந்து நிமிடம். 1939 முதல் 1945 வரை பன்னிரண்டு நிமிடம்.

லண்டனிலிருந்து வந்திருந்த இளம் வரலாற்று ஆசிரியர் படக்காட்சியை நிறுத்தி, “ஏதாவது கேள்வி இருக்கா?” என்றார்.

ஸ்டான்லி கை தூக்கினார். “முகாம்ல கழிப்பறை வசதி எப்படி?”

ஆசிரியர் அன்றைய கொடுமைகளை விவரிக்கத் தொடங்கினார்.

“இல்ல தம்பி, நான் நமக்குக் கேட்டேன்.”

ஃப்ரீடா இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார். கழிப்பறைகள் இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் அவர் பையில் இருந்தது. அழுவதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டை, மூன்றாம் நாளுக்கு மட்டும் இரண்டு. யாருக்கு எந்த மாத்திரை, யார் யாரோடு ஒரே அறையில் தங்கமாட்டார், என்ன காரணத்தால், எல்லாம் பட்டியலில் இருந்தன.

தன்னைப் பற்றி மட்டும் குறைவாகவே பேசுவார். அவருடைய அப்பா ஹெர்ஷ் பதினேழு வயதில் அந்த முகாமிலிருந்து தனியாக இங்கே வந்து, மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டவர். அவருடைய இரண்டு தங்கைகள் வரவில்லை. முகாமில் பெயரை எடுத்துவிட்டு நம்பர் கொடுத்து, காலையும் மாலையும் நிற்க வைத்து எண்ணினார்கள். ஆகவே இங்கே அவர் வீட்டில், சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்றுகூட யாரும் கேட்கக் கூடாது. “யார் யார் வர்றாங்க, அதச் சொல்லு” என்பாராம். அத்தைமார் இருந்த இடத்தில் ஒரு முறை நின்றுவிட்டு வர ஃப்ரீடா இரண்டு தடவை விமானச் சீட்டு வாங்கினார், இரண்டு தடவையும் ரத்து செய்தார். “தனியாப் போகக் காலு வரல. உங்க எல்லாரோடயும்னா போயிடுவேன்” என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

மூன்றாம் மாலை லியோனல் எழுந்தார்.

“ஃப்ரீடா எண்ணி முடிக்கிறதுக்குள்ள விமானம் போயிடும். அதனால ஆளுக்கு ஒரு நம்பர். பஸ் ஏறினதும் வரிசையா சத்தமா சொல்லிடணும். நெஞ்சுல ஒட்டிக்க ஸ்டிக்கர் கூட அடிச்சாச்சு.”

அறையில் சத்தமே இல்லை. லியோனலுக்கு அது ஒப்புதலாகத் தோன்றியது.

“நெஞ்சுல நம்பர்” என்றார் அவர் மனைவி ரோண்டா நிதானமாக. “ஆஷ்விட்ஸுக்கு.”

“சரி, சரி, நம்பர் ஒட்ட வேணாம். கலர் ஒட்டிக்கலாம். தூரத்துலேர்ந்தே தெரியணும், அதனால மஞ்ச…”

அந்த வார்த்தை பாதியில் நின்றது. நாஜிகள் எங்கள் முன்னோர் நெஞ்சில் தைக்கவைத்த நட்சத்திரம் அந்த நிறம்தான். ஸ்டான்லி கேக்கைத் தட்டில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஸ்டிக்கர்கள் குப்பைக்குப் போயின. ஆனால் நம்பர் சொல்லும் யோசனை போகவில்லை. வேகமான வழி என்று பாதிப் பேர் தலையசைத்தார்கள். ஃப்ரீடா தன் பட்டியல்களை எடுத்து லியோனல் முன்னால் வைத்தார்.

“நம்பர்னா நான் வரல. மாத்திரை, அறை எல்லாம் இதுல இருக்கு. நல்லபடியாப் போய்ட்டு வாங்க தங்கம்.”

“ஒரு நம்பருக்காகவா, ஃப்ரீடா?”

“அங்க போய் இன்னொரு தடவையா, லியோனல்?”

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைப் பயணம் இருந்தது; அதற்கு மட்டும் வர ஃப்ரீடா ஒப்புக்கொண்டார். அது முடிந்ததும், நம்பரா ஃப்ரீடாவின் வழியா என்று வாக்கெடுப்பு நடத்த முடிவாயிற்று.

இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். திரும்பும்போது நல்ல மழை. பேருந்தில் நம்பர்கள் பட்டாசு போல வெடித்தன. ஃப்ரீடா சொல்ல மறுத்த நம்பரை ஸ்டான்லி சேர்த்துச் சொன்னார். அரை நிமிடத்தில் இருபத்தெட்டு. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

ஃப்ரீடா அதற்குள் எழுந்து தோள்களைத் தொட்டுக்கொண்டு வந்தார். கடைசியாகத் தன் தோளையும் தொட்டார். “இருபத்தேழு இல்ல.” உடனே படியில் இறங்கிக் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டார். “ஒருத்தர் குறையுது.”

“எல்லா நம்பரும் சொல்லியாச்சே!” “உக்காருங்க ஃப்ரீடா, சாப்பாடு ஆறுது!” “அப்ப நாங்க சொன்னது பொய்யா?”

“நீங்க சொன்னீங்க. நான் தொட்டேன்.”

அப்போதுதான் ரோண்டா பின் இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார். “லியோனலோட ஒண்ணாம் நம்பரையும் நான்தான் சொன்னேன். அவர் பின் கதவால ஏறியிருப்பார்னு…”

ஒரு கையில் தேநீர்க் குவளையும் மறு கையில் புத்தகக் கடைப் பையுமாக, மழையில் சொட்டச் சொட்ட ஓடி வந்தார் குழுத் தலைவர். படியில் நின்ற ஃப்ரீடா அவருடைய ஈரத் தோளைத் தொட்டார்.

“இருபத்தெட்டு இல்ல. உள்ள போ தங்கம்.”

பிளாக்பூல் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. வண்டி முழுக்க அதையேதான் நினைத்தது. அங்கேயே வாக்கெடுப்பு நடந்தது. முதலில் உயர்ந்த கை லியோனலுடையது. கைகளை எண்ணும் தேவை எனக்கு ஏற்படவில்லை.

நான்காம் மாலை, கூட்டம் கலைந்த பிறகு, போலந்திலிருந்து வந்த அனுமதிப் படிவத்தோடு லியோனல் தயங்கித் தயங்கி வந்தார். ஃப்ரீடாதான் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்.

“எல்லாம் சரி. இந்த ஒரு கட்டத்துல மட்டும் நம்பர் போட்டே ஆகணும். மொத்தம் எத்தனை பேர்னு.”

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம். ஃப்ரீடா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“யார் யாருன்னு எங்கயும் கேக்கலியா?”

“இல்ல. எத்தனை பேர்னுதான்.”

அவர் உட்கார்ந்தார். கட்டத்தின் மேல் மூலையில் பேனாவை வைத்து ‘ஸ்டான்லி’ என்று பொடி எழுத்தில் ஆரம்பித்தார். மூன்றாவது பெயரிலேயே கட்டம் நிறைந்துவிட்டது. தாளைப் பக்கவாட்டில் திருப்பி ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார். லியோனல் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பாதித் தாள் தாண்டியதும் ஃப்ரீடா நிமிர்ந்து பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

“இதவிட மெல்லிசா எழுதுற பேனா இருக்கா, தங்கம்?”