சிவக்காத மஞ்சள்

என்னை முதலில் அடித்தது என் அக்காதான். என் கையிலிருந்த கடப்பாறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்குப் பிறகுதான் தெருப் பெண்களுக்குத் தைரியம் வந்தது. கூடப் பிறந்தவளே அடிக்கிறாள், நமக்கென்ன என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள். இன்னொருத்தி துடைப்பக்கட்டையால் முதுகில் சாத்தினாள். நானும் சும்மா இருக்கவில்லை. வாய்க்கு எட்டிய கையைக் கடித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பெங்களூரில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் ஒரு சின்ன லேபில் எனக்கு வேலை. மர்பி டவுன் பக்கத்தில், வண்டிப் பம்பர்களுக்குக் குரோம் முலாம் பூசிக்கொண்டிருந்த தொழிற்சாலை ஒன்று மூடிக் கிடந்தது. அதை வாங்கி ஆபீஸ் கட்ட ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆசைப்பட்டது. மண் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தால்தான் வாங்குவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டதால், மண் எடுக்க என்னை அனுப்பினார்கள். அந்தக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சந்தில்தான் அக்கா குடியிருந்தாள்.

சந்துக்கு இருந்தது ஒரே ஓர் அடிபம்பு. கொஞ்ச நாளாக அதில் தண்ணீர் இளமஞ்சளாக வந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைக் கொட்டகையை இடித்த பிறகு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிப் பழைய குரோமியக் கழிவைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். சந்துக்காரர்கள் நம்பியது வேறு. நிலத்தை விற்பவரின் மேனேஜர், காம்பவுண்டின் வடகிழக்கு மூலையில் திடீரென்று ஒரு நாகக்கல்லைக் கொண்டுவந்து நட்டிருந்தார். பெண்கள் இடிந்த சுவர் வழியாகப் போய்ப் பால் ஊற்றினார்கள், மஞ்சள் பூசினார்கள். அதன் பிறகு தண்ணீர் மஞ்சளானது. ஆகவே அது நாகம்மா தரும் மஞ்சள்நீர்!

அக்காவின் சின்ன மகளுக்கு விரலிடுக்கெல்லாம் புண். அக்கா தினமும் அந்தத் தண்ணீரால்தான் அதைக் கழுவினாள். குடிக்கவும் கொடுத்தாள்.

“அக்கா, அது விஷம். புள்ளைக்குக் குடுக்காத.”

“மஞ்சளுடி அது. புண்ணு ஆறும்.”

“எங்க ஆறுது? நேத்து விட இன்னிக்கு ஜாஸ்தியாத்தானே கீது?”

“ஆறும்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

காம்பவுண்டில் தோண்டிய எந்தக் குழியிலும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருஷம் முலாம் பூசியவர்கள் கழிவை எங்கேதான் ஊற்றினார்கள்? அந்தக் காலத்து இடம், கிணறு இல்லாமல் இருந்திருக்காது. வாஸ்து பார்த்துக் கட்டியவர்கள் கிணற்றை வடகிழக்கில், ஈசானிய மூலையில்தான் வெட்டியிருப்பார்கள். இப்போது அந்த மூலையில் கிணறு இல்லை, நாகக்கல் இருந்தது. கழிவைக் கிணற்றில் ஊற்றி மூடிவிட்டு, யாரும் தோண்டக் கூடாதென்று மேலே சாமியை நட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் தோண்ட வேண்டும் என்றேன்.

“மேடம், வேற எங்க வேணா தோண்டிக்கோங்க. அங்க மட்டும் பேடா. தேவரு கோவிச்சிக்குவாரு” என்று கன்னடம் கலந்து சொல்லி, நாகக்கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கன்னத்தில் நானே நாலு போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. தோண்ட வந்த ஆட்களும் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் எடுத்தேன்.

கல்லை நான் தொடவே இல்லை. ஒரு முழம் தள்ளித்தான் குத்தினேன். கொட்டி மூடிய மண், கடப்பாறை சட்டென்று இறங்கியது. கொஞ்ச ஆழத்திலேயே மண் எலுமிச்சம்பழ நிறத்தில் வந்தது. கையுறையோடு அள்ளிப் பாட்டிலில் அடைத்தேன். அதற்குள் மேனேஜர் சந்துக்குள் ஓடி, சாமிக் கல்லைப் பெயர்க்கிறாள் என்று கத்திவிட்டார். அக்காதான் முதலில் ஓடிவந்தாள்.

“இன்னாடி பண்றே? நாகம்மா மேல கடப்பாறைய வெக்கிறியே, உன் கை வெளங்குமா? என் புள்ள நல்லா இருக்கிறது உனக்குப் புடிக்கலியா?”

அப்போது விழுந்ததுதான் அந்த அறை. கீழே தள்ளி உதைத்தார்கள். பாட்டிலை மட்டும் நான் விடவில்லை. வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தேன். உதடு கிழிந்து, பல் ஒன்று ஆடியது. எழுந்து ஆட்டோ பிடித்து, ரத்தம் வழிய நேராக லேபுக்குப் போனேன்.

பாட்டிலில் இருந்தது நான் நினைத்தது போலவே குரோமியம். வெளிநாட்டுக் கம்பெனி விலகிக்கொண்டது. “நம்ம வேலை முடிஞ்சிச்சு, விடும்மா” என்றார் லேப் முதலாளி. பம்பு யாருடைய வேலையும் இல்லை. கார்ப்பரேஷன் ஆபீசில் மனு கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டைக் காட்டி அக்காவை நம்பவைக்க முடியாது. ஆனால் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு, வீங்கிய முகத்தோடு சந்துக்குப் போனேன். பம்பைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். வீட்டு மஞ்சள்தூளை ஒரு சொம்பில் கரைத்துச் சுண்ணாம்பைப் போட்டேன். ஆரத்தி போலச் சிவந்தது. பம்புத் தண்ணீரைப் பிடித்து அதிலும் போட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“மஞ்சளா இருந்தா செவக்கணும் இல்ல? ஏன் செவக்கல? சொல்லுங்க!”

அக்கா சொம்பை வாங்கி உற்றுப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“நாகம்மா மஞ்ச எப்படிடி செவக்கும்? அது இன்னா கடைல வாங்குன மஞ்சளா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள், புண் பிடித்த இரண்டு கைகளையும் குவித்துப் பம்பு வாயில் நீட்டிக் குடித்தாள்.

இடிந்த சுவரோரம் ஒரு சம்மட்டி கிடந்தது. அதைத் தூக்கிவந்து பம்பின் தலையில் போட்டேன். வார்ப்பிரும்பு பிளந்தது. கைப்பிடி முறிந்து தெறித்தது. அக்கா குடத்தாலேயே என் மண்டையில் அடித்தாள், மறுபடியும் அடித்தாள். காதோரம் ரத்தம் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. குழாய் தரையோடு தரையாக உடைந்து போகும்வரை அடித்தேன். அதன் வாய்க்குள் செங்கல் துண்டுகளைப் போட்டு இடித்தேன். பிறகு போலீஸ் வந்தது.

தண்ணீர் இல்லாமல் போனதும் பெண்கள் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். என் மனுவுக்கு அசையாதவர்கள் அன்றைக்கே லாரித் தண்ணீர் அனுப்பினார்கள். பின்னால் சந்துக்குக் குழாயும் வந்தது. நிலத்தை, ரிப்போர்ட் எதுவும் கேட்காத வேறொருவர் வாங்கிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார். கல்லை மட்டும் அவரும் அசைக்கவில்லை.

சின்னவளின் விரல்கள் மெதுவாக ஆறின. நாகம்மா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அக்கா அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைத்து, தெரு முழுக்கக் கொடுத்தாள். என் வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை.