பதினொரு ஜப்பான் கசற்றுகளும் ஒரு பேச்சும்

அந்த மனுசனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு வெளிநாட்டுக்கு வந்த புதிது. டோர்செட் பார்க்கில், பதினான்காம் மாடியில் இரண்டு அறை அப்பாட்மென்ற். ஒரு அறையில் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். மற்றதில் நானும் கணவரும் கைக்குழந்தையும். வீடு அண்ணையின் பெயரில் எடுத்தது. ரீவியும் அவருடையது, வீடியோ டெக்கும் அவருடையது, ரீவிக்கு நேரே செற்றியில் இருக்கும் இடமும் அவருடையது.

சனிக்கிழமை காலைகளில் மற்ற மூவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு சனலில் ஜப்பான் நிகழ்ச்சி போகும். முதல் நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு கிழவர் கூரையில் ஏறி நின்று பனியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கீழே தள்ளினார். அவர் மனைவி முள்ளங்கிகளைக் கயிற்றில் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளை நித்திரையான பிறகும் நான் எழும்பவில்லை.

எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. டொக்டரிடம் போனாலும் கடைக்குப் போனாலும் எனக்காக யாராவது கதைக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து நான் முழித்த முழியைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஜப்பான் மொழி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. படத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். சவர்க்கார நுரை மிதந்த ஒரு ஆற்றை ஊர்ச்சனம் கூடித் துப்புரவாக்கி, கடைசியில் அதில் மீன் ஏறி வந்தபோது தனியே இருந்து அழுதிருக்கிறேன்.

வாராவாரம் பதிந்து வைத்தேன். ஒன்றரை வருடத்தில் பதினொரு கசற். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதியிருந்தேன்: ஆறு, பனி வீடு, கொக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கை எடுத்துப் போட்டேன். தமிழ்ப் படம் ஓடியது. ஆற்றைப் போட்டேன். அதிலும் படம். பதினொன்றிலும் படம். பிள்ளைக்குக் காய்ச்சலென்று நான் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் நின்றபோது அண்ணை சிநேகிதரின் டெக்கைக் கொண்டு வந்து படங்களைக் கொப்பி பண்ணியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஆட்களுக்கு முன்னாலேயே கேட்டேன்.

"அண்ணை, என்ரை கசற்றுகளிலை ஏன் படம் பதிஞ்சனீங்கள்?"

"உதுகளோ? சப்பான்காரன் முள்ளங்கி கட்டுறதை வைச்சு என்ன செய்யப் போறீர்? பாத்தாலும் உமக்கு விளங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அண்ணை அதோடு விடவில்லை. தன்னுடைய கசற் ஒன்றை எடுத்து அதன் முதுகைத் திருப்பிக் காட்டினார். அங்கே இருக்கவேண்டிய சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இல்லை. "வைச்சிருக்க வேணுமெண்டால் உந்த நாக்கை முறிச்சிருக்கோணும். பிறகு ஒருத்தராலும் அழிக்கேலாது."

அந்தக் கசற்றில் இருந்தது அவருடைய பேச்சு. ஊர்ச் சங்கத்து ஆண்டு விழாவில் முக்கால் மணித்தியாலம் பேசியது. வீட்டுக்கு வருகிற யாரும் சாப்பிட்ட பிறகு அதைப் பார்க்காமல் போக முடியாது.

நான் சண்டை பிடிக்கவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த கிழமை உடுப்புத் தோய்க்கும் அறையில், கீழ்மாடிச் சிநேகிதி ஒருத்தி வழி சொன்னாள். நாக்கு முறிந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு ஸ்கொட்ச் ரேப் ஒட்டினால் திரும்பவும் பதியலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேப் ஒட்டி, அண்ணையின் பேச்சுக் கசற்றை டெக்கில் போட்டு, அவர் வாய் திறக்கும் இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வண்ணத்துப்பூச்சி வந்தது. அவருக்கு அது கூடிப்போன அழகு. குரங்குகள் சுடுதண்ணியில் குளித்தன. கையை அடக்கிக்கொண்டேன். ஏழாவது கிழமை வயல் வந்தது. வரப்பில் ஒரு பெரிய ஆண் தவளை. அது தொண்டையை ஊதத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தினேன். நிகழ்ச்சி முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. பேச்சின் மிச்சம் முழுவதும் விளம்பரத்தோடு அழியட்டும் என்று விட்டேன். பிறகு ரேப்பை உரித்து, கசற்றைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

இரண்டு கிழமையில் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். கோழிக்கறி சாப்பிட்டார்கள். அண்ணை கசற்றைப் போட்டார். திரையில் அவருக்கு மாலை போட்டார்கள். மைக்கைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே..." என்றார்.

தவளை தொண்டையை ஊதிக் கத்தியது.

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. அந்த வரவேற்பறையில் அவ சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பிறகு ஒருவராலும் அடக்க முடியவில்லை. அண்ணை வேகமாக முன்னுக்கு ஓட்டினார். தவளைகள், இன்னும் தவளைகள், நாற்று நடும் பெண்கள்.

"ஆர் செய்தது?"

"நான்தான், அண்ணை."

"நாக்கை முறிச்செல்லோ வைச்சனான்!"

"ஓம். நான் ரேப் ஒட்டினனான்."

அன்று பின்னேரமே வீடியோ எடுத்தவருக்குப் போன் பண்ணினார். "வேறை கொப்பி ஒண்டும் இல்லையோ?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதைக் குசினியில் நின்று கேட்டேன். வயிறு குளிர்ந்தது.

ஒரு மாதத்தில் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். மல்வேர்னில் ஒரு நிலக்கீழ் அறைக்குப் போனோம். "அண்ணையோடை இப்பிடியோ நடக்கிறது?" என்று கேட்டுக் கேட்டு, கணவர் அந்த மாரி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "அவரோடை சேந்து சிரிச்சது ஆர்?" என்று நானும் ஒவ்வொரு முறையும் கேட்டேன். கடைசியில் ஒரு நாள் எழும்பிப் போய் ஒரு பழைய ரீவி வாங்கி வந்தார். ஆனால் அந்த நிகழ்ச்சியை அதற்குள் நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை காலை அந்த இடத்தில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழி வாங்கியதில் எனக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. அப்படியும் ஒரு நாள் கூட அதற்காக நான் வருந்தியதில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு தமிழ்க் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான வழியில் அண்ணை எதிரே வந்தார். நரைத்திருந்தார். இரண்டு தள்ளுவண்டிகளும் முட்டிக்கொண்டு நின்றன. நான் அசையவில்லை. அவர் தன்னுடையதைப் பின்னுக்கு இழுத்தார். நன்றி சொல்லாமல் கடந்து போனேன்.